ஏ.என்.எம். முதல் என்கிளெக்ஸ் வரை: மதுரைப் பக்கத்து நர்ஸ்கள் அனுபவம்

உசிலை சிஸ்டர்:

ஜூனியர் பிள்ளைகள் டீ நேரத்தில் கேட்பதும் ராத்திரி போன் போட்டுக் கேட்பதும் ஒரே கேள்விகள்தான். "அக்கா, ஏ.என்.எம். படிச்சுட்டு எவ்வளவு தூரம் போக முடியும்? என்கிளெக்ஸ் ரொம்பக் கஷ்டமா?" என்கிளெக்ஸ் என்பது அமெரிக்காவில் நர்ஸாக லைசென்ஸ் வாங்க எழுதும் பரீட்சை. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் ஏ.என்.எம்.மில் ஆரம்பித்து, ஜி.என்.எம்., போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று வந்து என்கிளெக்ஸ் பாஸ் செய்தவள். இப்போது மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் இருக்கிறேன். மற்றவர்களும் அவரவர் எழுதிய பரீட்சையைப் பற்றிக் கீழே சொல்லுங்கள்.

படிப்பு வரிசையிலேயே பலர் குழம்புகிறார்கள். ஏ.என்.எம்., அதாவது துணை நர்ஸ்-மருத்துவச்சிப் படிப்பு, 2 வருடம். கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு அது போதும். நர்சிங் கவுன்சிலில் பதிவும் கிடைக்கும், ஆனால் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற முழு நர்ஸ், ஆக முடியாது. பொது நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். இப்போது 3 வருடம், பி.எஸ்சி. 4 வருடம். இந்த இரண்டில் எதை முடித்தாலும் நர்ஸ், மருத்துவச்சி இரண்டுமாகப் பதியும் ஆர்.என்.ஆர்.எம். பதிவு உண்டு. வெளிநாட்டுப் பரீட்சைக்கு அந்தப் பதிவுதான் வாசல். ஏ.என்.எம். பதிவு உள்ளவர்கள் ஜி.என்.எம்.மில் சேரலாம், ஆனால் வருடம் எதுவும் குறையாது, முதல் வருடத்திலிருந்துதான் படிக்க வேண்டும். ஜி.என்.எம்.மிலிருந்து பி.எஸ்சி.க்குப் போக 2 வருட போஸ்ட் பேசிக். அதற்கு மேல் எம்.எஸ்சி. 2 வருடம்.

ஏ.என்.எம். படித்ததை யாராவது குறைவாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்து பிள்ளை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டது அந்தப் படிப்பில்தான். பின்னால் எத்தனை புத்தகம் படித்தாலும் கை அதை மறக்கவில்லை.

ஜி.என்.எம். போஸ்டிங்கில் லேபர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் என் கதை நகராது. செக்கானூரணிப் பக்கத்திலிருந்து தலைச்சன் பிரசவத்துக்கு ஒரு பெண் வந்தாள். கால் முகமெல்லாம் வீக்கம், பி.பி. 170/110, வழியிலேயே ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டது. வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் ஆரம்பித்தாயிற்று. நான்கு மணி நேரம் கழித்து அடுத்த டோஸை நான் ஊசியில் ஏற்றிக்கொண்டு போனேன். இன்சார்ஜ் சிஸ்டர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "முட்டியைத் தட்டிப் பாரு பாப்பா" என்றார். தட்டினேன், கால் உதறியது. "மூச்சை எண்ணு." எண்ணினேன், 18. "யூரின் பேக்கைப் பாரு." நான்கு மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் இருந்தது. அப்புறம்தான் போடச் சொன்னார். போட்டு முடித்ததும், "இந்த மூணுல எது முதல்ல போகும், ஏன்?" என்று கேட்டார். மருந்து உடம்பில் கூடிப்போனால் முதலில் முட்டி அசைவு போகும், அப்புறம் மூச்சு நிற்கும். மருந்து வெளியேறுவது சிறுநீர் வழியாக, அதனால் சிறுநீர் குறைந்தால் மருந்து உள்ளேயே தங்கும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் டிரேயில் இருக்க வேண்டும். இவ்வளவையும் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றே சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து எந்த ஊசியைக் கையில் எடுத்தாலும் 'எதற்கு, எதைப் பார்த்துவிட்டுப் போட வேண்டும், எப்போது போடக் கூடாது' என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவேன். என்கிளெக்ஸில் சோதிப்பது முழுக்க முழுக்க இந்தப் பழக்கத்தைத்தான். பரீட்சையில் வந்த கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, அதனால் பயிற்சிக் கேள்விகளை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

பாடம் எனக்குப் புதிதில்லை. வார்டுப் பழக்கம்தான் குறுக்கே நின்றது. நம் பக்கம் ஒரு நைட் டூட்டியில் முப்பது, நாற்பது பேரை ஒருத்தியே பார்ப்பது சாதாரணம். யார் வீட்டுக்காரர் வந்து சத்தம் போடுகிறாரோ அந்தக் கட்டிலுக்குத்தான் முதலில் ஓடுவோம். பரீட்சையில் நான்கு நோயாளிகளைக் கொடுத்து யாரை முதலில் பார்ப்பாய் என்று கேட்பார்கள். ஒருவருக்கு எலும்பு ஆபரேஷன் முடிந்து வலி பத்துக்கு எட்டு. ஒருவருக்கு சுகர் 250. ஒருவருக்குக் காய்ச்சல் 101. நான்காமவர் தைராய்டு ஆபரேஷன் முடிந்து வந்தவர், உதட்டைச் சுற்றி மதமதவென்று இருக்கிறது என்கிறார். சத்தமே போடாத அந்த நான்காமவர்தான் விடை. ஆபரேஷனில் பாராதைராய்டு அடிபட்டு கால்சியம் இறங்கினால் தொண்டை இறுகி மூச்சு அடைக்கும். வலிக்காரர் கத்துவார், ஆனால் ஐந்து நிமிடம் பொறுப்பார்.

அடுத்தது, 'டாக்டருக்கு போன் செய்' என்று ஒரு விடை பெரும்பாலும் இருக்கும். நமக்குக் கை தானாக அதற்குத்தான் போகும், அப்படித்தான் பழகியிருக்கிறோம். ரத்தம் ஏற்றும்போது நோயாளி நடுங்கி, இடுப்பு வலிக்கிறது என்கிறார் என்றால் முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும், புது டியூப் போட்டு சலைன் ஓட விட வேண்டும், அப்புறம்தான் போன். நர்ஸ் தன் அளவில் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கும்வரை போன் விடையாகாது. இந்தக் கணக்கு பிடிபட எனக்குப் பல வாரம் ஆனது. பிடிபட்ட பிறகு வார்டிலேயே நான் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. ராத்திரி டியூட்டி டாக்டரைக் கூப்பிடும் முன்னால் செய்ய வேண்டியதைச் செய்து, பி.பி., சாச்சுரேஷன் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். அவர்களும் மதித்துக் கேட்கிறார்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கேள்விகளும் நம்மைச் சுற்றவிடும். நம் ஊரில் உடம்பு துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர்தான். அங்கே அதற்கென்று உதவியாளர், அவருக்கு மேல் எல்.பி.என். என்கிற இடைநிலை நர்ஸ், அதற்கு மேல் ஆர்.என். நிலையாக இருப்பவருக்கு பி.பி. பார்ப்பதை உதவியாளருக்குக் கொடுக்கலாம். புதிதாக வந்தவரை மதிப்பிடுவது, முதல் தடவை கற்றுக்கொடுப்பது, பலன் கிடைத்ததா என்று முடிவு செய்வது, இந்த மூன்றையும் ஆர்.என். யாருக்கும் கொடுக்கக் கூடாது.

பரீட்சை அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஏப்ரலிலிருந்து புது வடிவம். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. நம் விடையைப் பார்த்து கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியின் கடினத்தைக் கூட்டும், குறைக்கும். தாண்டிப் போகவும் முடியாது, திரும்பி வரவும் முடியாது. ஒரே நோயாளியை வைத்து ஆறு கேள்வி வரும் கேஸ் ஸ்டடி மூன்று உண்டு. பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் இப்போது பகுதி மதிப்பெண் உண்டு, ஆனால் தப்பானதைத் தொட்டால் கழிப்பார்கள். 85-லேயே நின்றுவிட்டால் பாஸ் என்று ஒரு பேச்சு உலவுகிறது, நம்பாதீர்கள், ஃபெயிலானாலும் 85-ல் நிற்கும். கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் மேலும் 150. தவறினால் அடுத்த முயற்சிக்கு 45 நாள் காத்திருக்க வேண்டும்.

தினமும் யூ வேர்ல்டு என்ற பயிற்சித் தளத்தில் கேள்விகள் போட்டேன். சரியாகப் போட்ட கேள்விக்கும் விளக்கத்தைப் படித்தேன், மற்ற மூன்றும் ஏன் விடை இல்லை என்று நோட்டில் ஒரு வரி எழுதினேன். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கிலீஷில் நீளமான கேஸ் படிக்க வரவில்லை என்று பயப்படுகிறவர்களுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன்: டூட்டி மாறும்போது எழுதும் நர்ஸ் நோட்ஸை 'ஸேம் ட்ரீட்மென்ட் கன்டினியூட்' என்று முடிக்காமல், பார்த்ததை முழு வாக்கியமாக எழுதினேன். வாசிக்கும் வேகம் அதிலேயே வந்துவிட்டது. மருந்துப் பெயரும் பழக வேண்டும். நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின்.

தேர்வு சென்னையில். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். மதியத் தேர்வாக எடுத்துக்கொண்டால் குளித்துச் சாப்பிட நேரம் இருக்கும். பாஸ்போர்ட் ஒன்றுதான் கையில் வேண்டும், மற்றதெல்லாம் லாக்கரில். உள்ளங்கையை ஸ்கேன் செய்து உள்ளே விடுவார்கள்.

இனி எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம், பெயர். நமக்கு மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணம் ஆனவர்களுக்கு ஆதாரில் வீட்டுக்காரர் பெயர். பரீட்சைக்குப் பதியும் பெயரும் பாஸ்போர்ட்டும் ஒரு எழுத்து விடாமல் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜி.என்.எம். சேரும்போதே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். கவுன்சில் பதிவையும் அதே பெயரில் போடுங்கள்.

பெரியாஸ்பத்திரி ஸ்டாஃப்:

சிஸ்டர் அருமையாக எழுதியிருக்கிறார். நான் வெளிநாடு போகவில்லை, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி.யின் பரீட்சை எழுதி வந்தவள். 2012-ல் அந்த வாரியம் வந்த பிறகு அரசு நர்ஸ் வேலைக்கு அதுதான் வழி. இதில் தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுத்தால்தான் பாடத் தாளையே திருத்துவார்கள். நர்சிங்கில் நல்ல மார்க் எடுக்கக் கூடியவர்கள் தமிழைத் தொடாமல் போய் உட்கார்ந்து வருத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஒரு தடவையாவது முழுசாகப் புரட்டுங்கள்.

நம் ஊர்ப் பரீட்சையில் சமுதாய சுகாதாரப் பாடத்துக்கு இடம் அதிகம். பிறந்தவுடன் பி.சி.ஜி., 6, 10, 14 வாரத்தில் பெண்டாவேலன்ட், தடுப்பூசி வைக்கும் குளிர் 2 முதல் 8 டிகிரி. ஏ.என்.எம். படித்தவர்களுக்கு இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும், பி.எஸ்சி. பிள்ளைகள் புரட்டிப் பார்க்க வேண்டும். எய்ம்ஸ் நடத்தும் நர்ஸ் வேலைத் தேர்வான நார்செட் எழுதுகிறவர்கள் கவனியுங்கள்: தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். ஜி.என்.எம். மட்டும் உள்ளவர்களுக்கு 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் 2 வருட அனுபவமும் கேட்பார்கள். சின்ன நர்சிங் ஹோமில் சேரும் முன்னால் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலம், துபாய் ரிட்டர்ன்:

வளைகுடாவுக்கு பரீட்சையைவிட டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்புதான் பெரிய பாடு. நாம் கொடுத்த சான்றிதழ் உண்மைதானா என்று படித்த இடத்துக்கும் வேலை பார்த்த இடத்துக்கும் நேரடியாகக் கேட்டு அனுப்புவார்கள். நான் முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அந்த மெயிலுக்குப் பதில் போட ஆளே இல்லை. எச்.ஆர். மாறிவிட்டார், புதியவருக்கு என்னைத் தெரியாது. மாதக் கணக்கில் தொங்கியது. அப்பா பஸ் பிடித்துப் போய், அந்த ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, மேனேஜரைப் பார்த்துப் பதில் அனுப்ப வைத்தார். வேலையை விடும்போதே லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விட்ட தேதி, வார்டு எல்லாம் போட்டு வாங்கிவிடுங்கள். சம்பளச் சீட்டில் உள்ள தேதியோடு அது ஒத்துப்போகிறதா என்றும் அங்கேயே நின்று பாருங்கள்.

மேலூர் தங்கச்சி:

அக்கா, நான் ஜி.என்.எம். மூன்றாம் வருடம். பி.எஸ்சி. இல்லாமல் என்கிளெக்ஸ் எழுதவே முடியாது, முதலில் போஸ்ட் பேசிக் சேரு என்று ஒரு கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். அவர்களே சீட் வாங்கித் தருகிறார்களாம். சேரலாமா?

உசிலை சிஸ்டர்:

தங்கச்சி, பணம் எதுவும் கட்டிவிடாதே. ஜி.என்.எம். முடித்து ஆர்.என்.ஆர்.எம். பதிவோடு என்கிளெக்ஸ் எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விதி மாகாணத்துக்கு மாகாணம் வேறு, அதை அந்தந்த நர்சிங் போர்டின் தளத்தில் நீயே படித்துப் பார். முக்கியமாக உன் டிரான்ஸ்கிரிப்ட்டில், அதாவது ஸ்கூல் தரும் படிப்பு விவரச் சான்றில், மெடிக்கல், சர்ஜிக்கல், பிரசவம், குழந்தைகள், மனநலம் என்று ஒவ்வொன்றுக்கும் வகுப்பு மணியும் வார்டு மணியும் தனித்தனியாக இருக்க வேண்டும். மனநல போஸ்டிங் மணி விட்டுப்போனால் கோப்பு அங்கேயே நிற்கும். நீ இன்னும் ஸ்கூலில்தானே இருக்கிறாய், டியூட்டர் மேடத்திடம் இப்போதே கேட்டு உன் பதிவேட்டைச் சரிபார். போஸ்ட் பேசிக் நல்ல படிப்பு, நானே படித்தேன், எம்.எஸ்சி. போகவும் வாத்தியார் வேலைக்கும் அது வேண்டும். அதை அதற்காகப் படி.

திருமங்கலம், துபாய் ரிட்டர்ன்:

சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. பாஸ் செய்துவிட்டு ஏன் இன்னும் மதுரையிலேயே இருக்கிறீர்கள்?

உசிலை சிஸ்டர்:

தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை, எல்லோரும் கேட்பதுதான். அமெரிக்க கிரீன் கார்டில் நர்ஸ்கள் வருவது ஈபி-3 என்கிற வேலைவாய்ப்பு வரிசையில், இந்தியாவுக்கு அது பத்து வருடத்துக்கும் மேல் பின்தங்கிக் கிடக்கிறது. பாஸ் செய்த மறு மாதமே விமானம் ஏறலாம் என்று யார் சொன்னாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆனால் இதே என்கிளெக்ஸைக் கனடா 2015 முதல் ஏற்கிறது, ஆஸ்திரேலியாவும் ஏற்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு அதோடு அங்கே செய்முறைத் தேர்வு ஒன்று பாக்கி, அதற்குத்தான் பணம் சேர்க்கிறேன். அதுவரை ஐ.சி.யு.வில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்லாதபோது நாலைந்து ஜூனியர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்து கேள்வி போடுகிறார்கள். மேலூர் தங்கச்சி, நீயும் வா. உன் டிரான்ஸ்கிரிப்ட் நகலையும் எடுத்து வா, மணிக் கணக்கைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.