முழங்கால் நோவுக்கு விற்றமின் குளிசை: போட்டவர்கள் சொல்லுங்கள்

மல்லாவி மகள்:

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வயலிலும் கச்சான் தோட்டத்திலும் குந்தியிருந்தே உழைத்த கால்கள். இப்போது கதிரையை விட்டு எழும்பினால் முழங்காலுக்குள் கறகறவென்று சத்தம். படம் எடுத்துப் பார்த்த டொக்டர், மூட்டுத் தேய்மானம் என்று சொல்லிப் பனடோலும் பூசுகிற மருந்தும் தந்தார். இதற்கிடையில் கனடாவில் இருக்கும் அண்ணா, சொக்கிலேற்றுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் இரண்டு பெரிய போத்தல்களை வைத்து அனுப்பியிருக்கிறார். ஒன்று விற்றமின் டி. மற்றது மூட்டுக்கென்று விற்கிற குளுக்கோசமைனும் கொண்ட்ரொயிற்றினும் கலந்த குளிசை. அம்மா பனடோலை மறந்தாலும் அதை மறக்க மாட்டா. இதனால் யாருக்காவது உண்மையில் நோ குறைந்ததா?

ரீச்சர், கிளிநொச்சி:

எனக்கு அரைவாசி குறைந்தது, பிள்ளை. எந்த அரைவாசி என்று சொன்னால்தான் விளங்கும்.

எனக்கு முழங்காலோடு சேர்த்துத் தொடை, கெண்டைக்கால், இடுப்பு எல்லாமே உளைந்துகொண்டிருந்தன. நிலத்தில் இருந்தால் கையை ஊன்றாமல் எழும்ப முடியாது. இரத்தத்தில் விற்றமின் டி பார்த்தபோது நன்றாகக் குறைந்திருந்தது. இந்த வெயிலில் கிடக்கிற எங்களுக்கு எப்படிக் குறையும் என்று நானும் கேட்டேன். வகுப்பறைக்குள்ளேயே பகல் போய்விடும், வெளியே வந்தால் குடை, உடம்பு முழுக்கச் சேலை, வயது போகப் போகத் தோலும் முன்னைப்போல் அதை உண்டாக்காது என்றார் டொக்டர். கிழமைக்கு ஒன்றாகக் குளிசை தந்தார். உடம்பு உளைவு போனது, தொடையில் பலம் வந்தது, கை ஊன்றாமல் எழும்புகிறேன். ஆனால் படியேறும்போது முழங்கால் குத்துவது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. விற்றமின் டி குறைந்தால் எலும்பு மெலியும், தசை தளரும், அந்த நோவுக்குத்தான் இது மருந்து, தேய்ந்த மூட்டுக்கு இல்லை என்று அவரே விளங்கப்படுத்தினார்.

பாமசித் தம்பி, வவுனியா:

ரீச்சர் சொன்னதைத்தான் ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. அவுஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானமும் விற்றமின் டி குறைவும் உள்ள 413 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மாதம் 50,000 யூனிற் விற்றமின் டியும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் 2 வருடம் கொடுத்தார்கள். 2016இல் முடிவு வந்தது. நோவிலும் குருத்தெலும்பின் தேய்விலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

குளுக்கோசமைன் கதையும் அதேதான். அமெரிக்காவில் 1,583 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைனும் 1,200 மில்லிகிராம் கொண்ட்ரொயிற்றினும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வெறும் குளிசையை விடப் பெரிதாக ஒன்றும் இல்லை. நோ கடுமையாக இருந்த ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கொஞ்சம் சுகம் தெரிந்தது. போத்தல் விற்கிறவர்கள் அந்தக் கொஞ்சத்தைத்தான் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். அந்த ஆய்வில் வெறும் குளிசை போட்டவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் நோ குறைந்தது என்றார்கள். அதனால் "எனக்குச் சுகம் வந்தது" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

அக்கா, அந்த இரண்டு போத்தல்களின் லேபலையும் ஒருக்கால் வாசியுங்கள். மூட்டுக் குளிசை என்று வருவதிலும் சிலவேளை விற்றமின் டியும் கல்சியமும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் அளவு கூடிவிடும். விற்றமின் டி உடம்பில் தேங்குவது. மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், கிட்னிப் பழுது வரை போகும். காரணம் பிடிபடாத கிட்னி வருத்தம் பரவிய மாவட்டம் எங்களுடையது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். டிக்ளோபெனாக் போன்ற நோக் குளிசைகளைக் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் விழுங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். விற்றமினை விட அதுதான் கிட்னிக்குப் பெரிய எதிரி. குளுக்கோசமைன் அநேகமாக இறால், நண்டுக் கோதில் இருந்து எடுப்பது. ஒவ்வாமை உள்ளவர்கள் கவனம். இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் போடுகிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், இரத்தக் கசிவு கூடலாம்.

புதுக்குடியிருப்பு அன்ரி:

எனக்குச் சீனி வருத்தம், அதற்கு நெடுங்காலமாக மெற்போமின் குளிசை. பாதம் எரிவு, விறைப்பு. அந்தக் குளிசையால் விற்றமின் பி12 குறைந்திருக்கலாம் என்று ஊசி போட்டார்கள், எரிவு தணிந்தது. முழங்கால் நோ அசையவில்லை.

ஒட்டுசுட்டான் அண்ணை:

நானும் ஒரு போத்தல் குளுக்கோசமைன் முடித்தவன்தான். முழங்காலுக்கு அது வந்து போனதே தெரியாது. எனக்கு உதவியது ஆஸ்பத்திரியில் பிசியோப் பிள்ளை காட்டிய பயிற்சி. கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணும் வரை பிடித்து மெல்ல இறக்க வேண்டும். பிறகு மற்றக் கால். முதல் இரண்டு கிழமை ஒரு மாற்றமும் இல்லை, கோபம்தான் வந்தது. விடாமல் செய்தேன். தொடைத் தசை இறுகினால் முழங்காலில் விழுகிற பாரத்தை அது வாங்கிக்கொள்ளுமாம்.

உடம்பும் கொஞ்சம் மெலிந்தேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறையும் என்று அந்தப் பிள்ளை சொன்னது. அப்புறம் குந்துகிற வேலைகளை நிறுத்தினேன். கொமட் கதிரை வாங்கினோம். களை பிடுங்கப் பலகைக் கட்டை, அடுப்படியில் மனுசிக்கு உயரமான மேசை. இதெல்லாம் செய்தும் வரம்பில் நடந்தால் நோகும். ஆனால் காலபோக விதைப்புக்கு நான்தான் இறங்கினேன்.

மல்லாவி மகள்:

எல்லோருக்கும் நன்றி. லேபல் பார்த்தேன், தம்பி சொன்னது சரி, இரண்டிலும் டி இருக்கிறது. "பெடியன் காசு குடுத்து அனுப்பினது, வீணாக்கக் கூடாது" என்று அம்மா ஒரே பிடி. போத்தல்களைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். அண்ணை, அந்தப் பயிற்சிக்குக் காலில் பாரம் கட்ட வேண்டுமா?

ஒட்டுசுட்டான் அண்ணை:

முதலில் வேண்டாம், தங்கச்சி. சும்மா நீட்டிப் பழகட்டும். லேசாகிய பிறகு பழைய சொக்ஸுக்குள் அரைக் கிலோ அரிசி போட்டுக் கணுக்காலில் கட்டுங்கள். முழங்கால் வீங்கிச் சூடாக இருக்கிற நாளில் செய்யக் கூடாது. அதோடு காய்ச்சலும் வந்தால் பயிற்சியும் வேண்டாம், குளிசையும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.