பொறியின்மையா, பொறி தட்டாமையா?

வணக்கம்.

படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார்களுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டில் முதல் தலைப்பே இன்னும் முடிவாகவில்லை. மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும், சிலிண்டருக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வரவில்லை. அந்தப் பழுதுக்கு என்ன பெயர்? குழுவில் இதுவரை வந்த சொற்கள் மூன்று: பொறியின்மை, மின்பொறியின்மை, பொறித்தடை. ஒவ்வொன்றையும் தலைப்பில் வைத்து அந்தப் பக்கத்தை முழுதாக எழுதிப் பார்த்தேன். மூன்றுமே இடறுகின்றன.

பொறி என்றால் நமக்கு இயந்திரம். பொறியியல், பொறியாளர் எல்லாம் அதிலிருந்து வந்தவை. தெறிக்கும் நெருப்புத் துளியும் பொறிதான். புலனுக்கும் எலிக்கூண்டுக்கும்கூட அதே சொல். கவிதைக்கு இது வளம். ஆனால் இயந்திரக் கையேட்டில் 'பொறியில் பொறி இல்லை' என்று எழுதினால், கையில் ஸ்பானரோடு நிற்பவர் அந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும். அதோடு, பொறியின்மை ஏற்கெனவே குடியிருக்கும் சொல். 618ஆம் குறள் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அங்கே அதற்கு விதியின்மை என்றும் உறுப்புக் குறை என்றும் உரை சொல்கிறார்கள். அதைக் கொண்டுவந்து பிளக்கில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

மின்பொறி என்றாலும் தப்ப முடியாது. மின்பொறியாளர் என்னும்போது வரும் மின்பொறி மோட்டாரும் ஜெனரேட்டரும்தான். பொறித்தடை இன்னும் மோசம். மின்சாரப் பேச்சில் தடை என்றால் ஓம் கணக்கில் அளப்பது. ரேடியோ இரைச்சலைக் குறைப்பதற்காக உள்ளேயே மின்தடை வைத்த பிளக்குகள் உண்டு. அவற்றைப் பற்றி இதே அதிகாரத்தில் எழுதியாக வேண்டும். குழப்பத்துக்கு நாமே வழி செய்துவிடக் கூடாது.

சரி, வேறு பெயர்ச்சொல் தேடலாம் என்று கங்கு, சுடர், தெறிப்பு எல்லாம் எழுதிப் பார்த்தேன். கங்கு அணையாமல் கனன்றுகொண்டிருப்பது. சுடர் நின்று எரிவது. தெறிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் அது ஒளி எதிரொளிப்பதைக் குறிக்கிறது. அப்புறம்தான் ஒன்று புரிந்தது. பொறியின் எந்தப் பொருளை நினைக்கிறோம் என்பதைப் பேச்சில் வினைதான் காட்டிக்கொடுக்கிறது. இயந்திரம் ஓடும், நிற்கும், மக்கர் செய்யும். நெருப்புத் துளி தட்டும், தெறிக்கும், பறக்கும். 'மனத்தில் பொறி தட்டியது' என்றால் இயந்திரம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே பெயர்ச்சொல்லை மாற்றவே வேண்டாம், வினையைச் சேர்த்தால் போதும்.

என் பரிந்துரை: பொறி தட்டாமை.

கொல்லாமை, கள்ளாமை போல எதிர்மறைத் தொழிற்பெயர். இன்மை என்றால் இருக்க வேண்டிய பொருள் இல்லை என்று ஆகும். தட்டாமை என்றால் நடக்க வேண்டியது நடக்கவில்லை. இந்த வேறுபாடு இலக்கணத்துக்காக மட்டும் அல்ல. மேக்னட்டோவில் (காந்தம் சுழல்வதால் பிளக்குக்கு மின்சாரம் தரும் அமைப்பு) பொறி எங்கேயும் சேமித்து வைக்கப்பட்ட பொருள் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடியின் சிறு துணுக்கில் அது நடந்தாக வேண்டும்.

சொல் பொருந்துகிறதா என்று பழுதுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். என் மேசையில் இருந்தது 1950களின் இரண்டு சிலிண்டர் மோட்டார், பல ஆண்டு ஓடாமல் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலை அகற்றி வைத்துவிட்டு, 6 மில்லிமீட்டர் இடைவெளி வைத்த சோதனைக் கருவியை வயரில் மாட்டிக் கயிற்றை இழுத்தேன். இரண்டு சிலிண்டரிலும் ஒன்றும் இல்லை. பிளக்கையே வெளியே வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வெளிக்காற்றில் பிளக்கின் சின்ன இடைவெளியைத் தாண்டுவது எளிது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவைக்கு நடுவே தாண்ட அதைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். அதனால்தான் 6 மில்லிமீட்டர்.

அந்த மோட்டாரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் (மின்னழுத்தத்தை உயர்த்தும் சுருள்), தனி பாயிண்ட் (மின்னோட்டத்தை அறுக்கும் இரு முனைகள்), தனிக் கண்டன்சர். இரண்டும் சேர்ந்து செயலிழந்தால் பொதுவானதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்டாப் சுவிட்ச் மோட்டாரை நிறுத்துவது காயிலின் முதன்மைச் சுற்றை எர்த் செய்துதான், அதாவது மோட்டாரின் உலோக உடம்போடு இணைத்துத்தான். அதன் வயர் எங்காவது உரசி உடம்பில் பட்டாலும் அதே கதி. அந்த வயரைக் கழற்றிவிட்டு இழுத்தேன். அப்போதும் இல்லை. பாயிண்டைப் பார்க்க, அதை மூடியிருக்கும் ஃபிளைவீலை (காந்தம் பதித்த சுழல் சக்கரம்) கழற்ற வேண்டியதுதான். (விளிம்பில் நெம்பக் கூடாது, நடுவில் இருக்கும் மூன்று திருகு துளைகளில் புல்லரை மாட்டித்தான் எடுக்க வேண்டும். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்கிறேன்.)

பாயிண்ட் பார்வைக்குப் புதிது போல இருந்தது. வெள்ளைத் தாள் ஒன்றை இரண்டு முனைக்கும் நடுவே செருகி, மூடவிட்டு இழுத்தேன். தாளில் சாம்பல் நிறக் கோடு. காயில் வயரைப் பிரித்துவிட்டு மல்டிமீட்டர் வைத்தால், மூடிய முனைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் ஓம். காயில் வயரைப் பிரிக்காமல் அளந்தால் மீட்டர் முதன்மைச் சுற்றின் ஓரிரு ஓமைக் காட்டி 'நன்றாக இருக்கிறது' என்று ஏமாற்றிவிடும். மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியை 0.5 மில்லிமீட்டருக்கு வைத்தேன். மேல் சிலிண்டரில் படீரென்று நீலமாகத் தட்டியது.

கீழ்ச் சிலிண்டர் அப்படி இல்லை. இடைவெளியைக் குறைத்தால் மஞ்சளாக இழை போல ஒன்று வந்தது. 6 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. விளக்கை அணைத்துவிட்டு இழுத்தபோதுதான் தெரிந்தது. காயிலின் உறையில் மயிரிழை விரிசல். அதன் வழியாக நீல நூல் ஒன்று இரும்பு உள்ளகத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. காயிலை மாற்றிய பிறகு இரண்டும் ஒரே மாதிரி தட்டின.

ஆக, ஒரு மோட்டாரிலேயே மூன்று நிலைகள். ஒன்றுமே வராதது பொறி தட்டாமை. மஞ்சளாக இளைத்து வருவது பொறி மெலிவு. பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே எர்த்துக்குப் பாய்வது பொறிக் கசிவு. மின்கசிவு என்ற சொல் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருப்பதால் கடைசிச் சொல் விளக்கமே இல்லாமல் புரியும்.

இன்னொன்று. பாயிண்டுக்குத் 'தொடுமுனை' என்று நம் சொற்பட்டியலில் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். தொடும்போது பொறி தட்டும் என்றுதான் புதிதாகக் கற்பவர்கள் பலர் நினைக்கிறார்கள்; அந்தப் பெயர் தவறான எண்ணத்துக்கே துணைபோகிறது. முனைகள் மூடியிருக்கும்போது, ஃபிளைவீலின் காந்தம் கடந்துபோவதால் முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் எழுகிறது. கேம் (தண்டோடு சுழலும் மேடு) முனைகளைப் பிரிக்கும் கணத்தில் அது அறுபடுகிறது, காந்தப்புலம் சரிகிறது, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் 10,000 வோல்ட்டுக்கு மேல் எழும்புகிறது. பிரியும் முனைகளுக்கு நடுவிலேயே தீ பற்றி மின்னோட்டம் இழுபடாமல், அறுப்பு வெட்டென்று முடியத்தான் கண்டன்சர். 1902இல் ராபர்ட் போஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயரழுத்த மேக்னட்டோவும் இந்த வழிதான். அதற்கு முந்தைய தாழழுத்த மேக்னட்டோவில் சிலிண்டருக்குள்ளேயே இரண்டு முனைகள் பிரிந்து, அந்த இடைவெளியிலேயே பொறி தட்டியது. எல்லாவற்றிலும் வேலை நடப்பது பிரியும்போது.

ஆகவே பிரிமுனை. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. பிரிந்த, பிரிகிற, பிரியும் முனை. மேக்னட்டோ, காயில், பிளக் மூன்றையும் அப்படியே விட்டுவிடலாம். அவற்றால் யாரும் தடுமாறுவதில்லை.

---

ஐயா, வணக்கம்.

பொறி தட்டாமை எனக்குச் சம்மதம். இரண்டு கேள்விகள். பட்டறையில் நாங்கள் சொல்வது 'பிளக்கில் கரண்ட் வரவில்லை' என்றுதான். அதையே ஏன் வைக்கக் கூடாது? அடுத்தது, கயிற்றுக்கும் வயருக்கும் பிரி உண்டு. வயர் வேலை செய்கிறவர் பிரிமுனை என்றால் வயரின் பிரிந்த நுனி என்று எடுத்துக்கொள்ள மாட்டாரா?

---

நல்ல கேள்விகள் ஐயா.

'கரண்ட் வரவில்லை' பேச்சுக்குப் பொருத்தம்தான். கையேட்டில் மட்டும் சிக்கல். மேலே சொன்ன கீழ்ச் சிலிண்டரில் கரண்ட் வந்தது. காயில் வரை வந்து, விரிசல் வழியாக வேறு பக்கம் போனது. 'வரவில்லை' என்று எழுதினால் படிப்பவர் பாயிண்டையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருப்பார். ஆனால் பக்கத்தின் முதல் வரியிலேயே, 'பட்டறை வழக்கில் கரண்ட் வரவில்லை என்பார்கள்' என்று கட்டாயம் சேர்ப்போம். தேடி வருகிறவர் அந்தச் சொல்லோடுதான் வருவார்.

பிரிமுனை பற்றிய ஐயம் நியாயமானது. அதைத் தனியாக விடாமல், முதல் தடவை வரும் இடத்தில் 'கேம் திறக்கும் பிரிமுனை' என்று எழுதலாம். வயரை எந்தக் கேமும் திறக்காது. படத்தில் அம்புக்குறியும் கேம் முனைகளைத் தள்ளித் திறக்கும் நிலையைக் காட்டட்டும், மூடிய நிலையை வேண்டாம்.

முதல் சோதனையின் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன், பாருங்கள்: 'ஸ்டாப் சுவிட்ச் வயரைக் கழற்றவும். இடைவெளியை 6 மில்லிமீட்டருக்கு வைக்கவும். கயிற்றை வேகமாக, ஒரே வீச்சில் இழுக்கவும். பொறி தட்டுகிறதா?'