ஜோங்காவின் பி.ஏ. எண்: 81-ஆ, 87-ஆ?

கோவையில் நிற்கும் ஒரு ஜோங்காவின் (பழைய ராணுவ ஜீப்) பி.ஏ. எண்ணில், அதாவது ராணுவப் பதிவு எண்ணில், ஒரே ஒரு இலக்கம் பிடிபடவில்லை.

வண்டி: ஜபல்பூர் தயாரிப்பு, நிசான் பேட்ரோல் பி60 வழி வந்தது, ஆறு சிலிண்டர் பெட்ரோல், 3,956 சிசி. ஏலத்தில் போய் இரண்டு கை மாறியது. ஏலத் தாள் இல்லை. சேசிஸ் எண் குத்திய இடம் துருவேறி வழுக்கையாகிவிட்டது. அதனால்தான் பி.ஏ. எண்ணைத் தேடுகிறேன். மேல்நோக்கிய அம்புக்குறிக்கு அடுத்த இரண்டு இலக்கம் வண்டி படைக்கு வந்த ஆண்டு, பிறகு ஓர் எழுத்து, வரிசை எண், கடைசியில் இன்னோர் எழுத்து. அம்பு, 8, D எழுத்து, வரிசை எண் முழுவதும் தெரிகிறது. 8-க்கு அடுத்தது 1 அல்லது 7. 7-இன் தலைக்கோடு இருக்க வேண்டிய இடத்தில்தான் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது, வேறெங்கும் பெயராமல்!

செய்து பார்த்தவை: முன் பம்பரில் 400, பிறகு 800 நம்பர் நீர்த்தாள் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு அடுக்கடுக்காகத் தேய்த்தேன். மூன்றாவது அடுக்கில் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து வந்தது. இனித் தேய்த்தால் அதுவும் போய்விடும். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தும் படம் எடுத்தேன். பின் பம்பர் பிற்காலத்தில் மாற்றியது. இன்ஜின் எண் உதவாது, ராணுவப் பட்டறையில் இன்ஜின் மாற்றுவது சகஜம்.

பம்பர் தவிர, ஜோங்காவில் பி.ஏ. எண்ணை வேறு எங்கே எழுதியோ குத்தியோ வைப்பார்கள்?