கையால் எழுதினால்தான் பாடம் ஏறுமா? யார் சொன்னது?

தட்டச்சுப்புலி (காலை 8.05)
நேற்று முதலாண்டு மாணவர்களுக்கான இழையில் மைவிரல் ஐயா ஏழு பழக்கங்களைப் பட்டியல் போட்டிருந்தார். வகுப்பைத் தவறவிடாதே, அன்றைய பாடத்தை அன்றே புரட்டு, புரியாததை ஆசிரியரிடமே போய்க் கேள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே... எல்லாம் சரி. ஐந்தாவதைப் படித்ததும்தான் எரிச்சல் வந்தது. அப்படியே தருகிறேன்: “பேனா பிடிக்காத கைக்குப் பாடம் ஏறாது. மடிக்கணினியில் தட்டுகிறவன் மாணவன் இல்லை, சுருக்கெழுத்தர்.”

நான் நான்கு ஆண்டும் தட்டித்தான் படித்தேன். ஒரு பாடத்தில்கூடப் பெயில் ஆனதில்லை. எனக்கு ஏறியதா இல்லையா என்று சொல்ல இவர் யார்? அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

மைவிரல் (காலை 8.31)
தம்பி, இருபத்திரண்டு ஆண்டு கரும்பலகை முன்னால் நின்றவன் நான். யார் எழுதுகிறான், யார் எழுதுவது போல நடிக்கிறான் என்று முதுகைக் காட்டி நின்றாலும் எனக்குத் தெரியும்.

என் பேச்சு வேண்டாம் என்றால் ஆய்வு இருக்கிறது. 2014-இல் மியூலர், ஓப்பன்ஹைமர் இருவரும் சோதித்தார்கள். ஒரே உரையை இரண்டு கூட்டம் கேட்டது. ஒன்று கையால் எழுதியது, இன்னொன்று மடிக்கணினியில் தட்டியது. வெறும் தகவல் கேள்விகளில் வித்தியாசம் இல்லை. கருத்தைத் தொட்டுக் கேட்டபோது தட்டியவர்கள் பின்தங்கினார்கள். காரணம் எளிது. தட்டுகிற விரலுக்கு வேகம் அதிகம், காதில் விழுந்ததை அப்படியே இறக்கிவிடும். பேனாவுக்கு அந்த வேகம் கிடையாது. எதை விடுவது, எதை எழுதுவது என்று எழுதுகிறவன் அங்கேயே தீர்மானித்தாக வேண்டும். சொல்லுக்குச் சொல் எழுதாதீர்கள் என்று எச்சரித்தும் பார்த்தார்கள். அப்போதும் தட்டியவர்களின் விரல் அடங்கவில்லை.

பேனா பிடிக்காத கைக்குப் பாடம் ஏறாது.

கடைசிபெஞ்ச் (காலை 8.40)
ஓப்பன்ஹைமர் அணுகுண்டு செய்தவர் இல்லையா? அவர் காலத்தில் ஏது மடிக்கணினி?

மைவிரல் (காலை 8.42)
அந்த ஓப்பன்ஹைமர் 1967-இலேயே இறந்துவிட்டார். இவர் உளவியல்காரர், வேறு ஆள். பெயரைப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பது கடைசி பெஞ்சுக்கே உரிய பழக்கம்.

கடைசிபெஞ்ச் (காலை 8.44)
சந்தேகம்தானே கேட்டேன்? உங்கள் பட்டியலில் மூன்றாவது பழக்கம் ‘புரியாததைக் கேள்’. கேட்டால் இதுதான் பதில்!

தட்டச்சுப்புலி (காலை 9.10)
ஐயாவின் நாட்காட்டி 2014-இலேயே நின்றுவிட்டது போல. 2019-இல் மோர்ஹெட், டன்லாஸ்கி, ராசன் மூவரும் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். கைக்காரர்களுக்கும் தட்டியவர்களுக்கும் நடுவே உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. அதில் குறிப்பே எடுக்காத ஒரு கூட்டமும் இருந்தது. அவர்களும் குப்புற விழுந்துவிடவில்லை. 2021-இல் யூரி என்பவரின் குழுவும் செய்து பார்த்தது. தட்டியவர்கள் அதிகம் எழுதினார்கள், அப்படியே எழுதினார்கள். அதுவரை ஐயா சொன்னதுதான். மதிப்பெண்ணில் மட்டும் பேனா முந்தவே இல்லை.

சுருக்கெழுத்தர் என்ற சொல்லைத் திரும்பப் பெறுவீர்களா?

மைவிரல் (காலை 9.26)
பெற மாட்டேன். 2021-இல் அவர்கள் திரும்பச் செய்தது முதல் சோதனையை மட்டும். 2014 ஆய்வில் மூன்றாவது சோதனை என்று ஒன்று உண்டு. எழுதிய குறிப்பைத் திரும்பப் படிக்க நேரம் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். அங்கே பேனா ஜெயித்தது. கல்லூரித் தேர்வு உரை முடிந்த அரை மணியிலா நடக்கிறது? மூன்றாவது சோதனையைப் படித்துவிட்டு வா தம்பி.

குறுக்குக்கேள்வி (காலை 9.40)
ஒரு நிமிடம். ‘பாடம் ஏறுவது’ என்று எதைச் சொல்கிறீர்கள்? தேர்வு மதிப்பெண்ணா, ஒரு வருடம் கழித்தும் நினைவில் நிற்பதா? ‘குறிப்பு’ என்றால் பலகையில் இருப்பதைப் பெயர்த்து எழுதுவதா, சொந்த வார்த்தையில் எழுதுவதா? இதை முடிவு செய்யாமல் எப்படிப் பேசுவது?

தட்டச்சுப்புலி (காலை 9.43)
மூன்றாவது சோதனை, மூன்றாவது சோதனை! ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டு உலகத்தில் இருக்கிற மடிக்கணினிக்கெல்லாம் தீர்ப்பு எழுதுவீர்களா?

செமஸ்டர்சுமை (காலை 10.15)
நான் மூன்றாமாண்டு. இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறேன், இரண்டு விதமாகவும் மறந்திருக்கிறேன். எனக்கு உதவியது வேறு. நோட்டை மூடிவிட்டு, என்ன நினைவிருக்கிறது என்று வெறும் தாளில் கொட்டிப் பார்ப்பது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் செய்த சோதனையில் ஒரு பத்தியை ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் படித்தது. மற்றது ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவுபடுத்தியது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் நின்றது, நினைவுபடுத்திப் பார்த்தவர்களுக்கு 61. முதல் நாளிரவு முழுக்கப் படித்துவிட்டு எல்லாம் தெரியும் என்ற தெம்போடு போய் உட்கார்ந்து முழித்த அனுபவம் எனக்கு உண்டு, அதனால்தான் சொல்கிறேன். ஐயாவின் ஏழில் இது இல்லவே இல்லையே?

மைவிரல் (காலை 10.22)
வெறும் தாளில் கொட்டினேன் என்கிறாயே அம்மா, எதை வைத்துக் கொட்டினாய்? பேனாவை வைத்துத்தானே? வழக்கு முடிந்தது.

செமஸ்டர்சுமை (காலை 10.24)
நான் சொன்னது அதுவா?

தட்டச்சுப்புலி (காலை 10.30)
அந்தப் பெண் சொன்னதைக்கூட வளைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் பாருங்கள். 2013-இல் படிக்கும் உத்திகள் பத்தை எடைபோட்டு ஒரு பெரிய கட்டுரை வந்தது. தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பது, இந்த இரண்டுக்குத்தான் உயர்ந்த இடம் கொடுத்தார்கள். கோடு போடுவது, திரும்ப வாசிப்பது இரண்டும் அடிமட்டம். எழுதியவர்களில் முதல் பெயர் டன்லாஸ்கி. 2019-இல் உங்கள் பேனாவைச் சோதித்த அதே டன்லாஸ்கி.

மைவிரல் (காலை 10.51)
டன்லாஸ்கி உனக்கு மாமனா, மச்சானா? ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய்.

சரி, மடிக்கணினியால் இன்னொரு கேடும் உண்டு. 2013-இல் சானா, வெஸ்டன், செப்பீடா சோதித்தது. வகுப்பு நடக்கும்போதே மடிக்கணினியில் வேறு வேலையும் பார்த்தவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. அது போகட்டும், அவரவர் வினை. அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் 17 சதவீதம் குறைந்தது! நீ கெட்டது போதாதென்று பின்னால் இருப்பவனையும் கெடுக்கிறாய். முதல் பெஞ்சில் உட்காரச் சொன்னது இதனால்தான்.

தட்டச்சுப்புலி (காலை 11.02)
அந்தப் 17 சதவீதத்துக்காரர்கள் எதில் குறிப்பு எடுத்தார்கள் தெரியுமா? தாளில், கையால். உங்கள் பேனா அவர்களைக் காப்பாற்றவில்லையே ஐயா!

கடைசிபெஞ்ச் (காலை 11.05)
முதல் பெஞ்சில் இருப்பவனின் திரைதான் எல்லோர் கண்ணிலும் படும். கடைசி பெஞ்சில் நான் திரை திறந்தால் சுவர்தான் பார்க்கும். ஆக, இந்த ஆய்வின்படி யாருக்கும் கெடுதல் செய்யாத மாணவன் நான்தான்.

மைவிரல் (காலை 11.09)
கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் வகுப்புக்கு வந்ததே வருகைப் பதிவுக்காகத்தான்.

கடைசிபெஞ்ச் (காலை 11.12)
அதற்கும் ஆய்வு இருக்கிறது ஐயா. 2010-இல் கிரெடே குழுவினர் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கல்லூரி மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதில் நுழைவுத் தேர்வைவிட, படிக்கும் பழக்கத்தைவிட வகுப்புக்கு ஒழுங்காக வருவதே மேல் என்று வந்தது. எந்த பெஞ்ச் என்று யாரும் கேட்கவில்லை. பேனா இருந்ததா என்றும் கேட்கவில்லை.

தட்டச்சுப்புலி (காலை 11.15)
இந்த ஐயாதான் போன மாதம் தூக்கம் பற்றிய இழையில் ‘விடியற்காலை 4 மணிக்கு எழாதவன் உருப்பட மாட்டான்’ என்று எழுதினார். நேற்று ‘தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே’ என்கிறார். அங்கே நான் கேள்வி கேட்டதும் மூன்று நாள் ஆளையே காணோம்.

மைவிரல் (காலை 11.33)
உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தேன். அதையும் கேலி செய்வாயா? 9 மணிக்குப் படுத்தால் 4 மணிக்கு எழலாம், 7 மணி நேரம். கணக்கும் மடிக்கணினிதான் போடவேண்டுமா உனக்கு?

குறுக்குக்கேள்வி (காலை 11.40)
‘பாடம் ஏறுவது’ பற்றிக் கேட்டிருந்தேன்...

செமஸ்டர்சுமை (காலை 11.46)
ஐயா, காலையிலிருந்து ஏழு பதிவு போட்டுவிட்டீர்கள். எல்லாம் தட்டச்சுதானே? அப்படியானால் இது எதுவும் உங்களுக்கு ஏறியிருக்காதே?

மைவிரல் (காலை 11.58)
நான் எப்போதும் முதலில் தாளில் எழுதிவிட்டுத்தான் இங்கே தட்டுவேன். ஒவ்வொரு பதிவும் அப்படித்தான்.

தட்டச்சுப்புலி (காலை 11.59)
8.40-க்குக் கேட்ட கேள்விக்கு 8.42-க்குப் பதில் போட்டீர்கள். இரண்டு நிமிடத்தில் தாளில் எழுதி, அதைத் தட்டி? தாளைப் படம் எடுத்துப் போடுங்கள்.

மைவிரல் (பகல் 12.06)
அது சின்னப் பதில்.

தட்டச்சுப்புலி (பகல் 12.07)
பெரிய பதிலின் தாளைப் போடுங்கள். 8.31 பதிவு. அந்த மூன்றாவது சோதனைப் பதிவானாலும் சரி.

மைவிரல் (பகல் 12.20)
ஆசிரியரிடம் அத்தாட்சி கேட்கும் காலம் வந்துவிட்டது. மூன்றாவது சோதனைக்கு இதுவரை நேரான பதில் வரவில்லை என்பதை எல்லோரும் கவனிக்கவும். பேனா பிடிக்காத கைக்குப் பாடம் ஏறாது.

கடைசிபெஞ்ச் (பகல் 12.21)
தாள் வருமா, நான் வகுப்புக்குப் போகட்டுமா?

தட்டச்சுப்புலி (பகல் 12.22)
போய் வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

மைவிரல் (பகல் 12.41)
கிழித்துப் போட்டுவிட்டேன்.