டார்ச் மாட்டிய பிஸ்டல்: மறக்க முடியாத ஒரு ராத்திரியைச் சொல்லுங்கள்

கேட்டிவாசி

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கிளாக் 19 பிஸ்டல், குழலுக்குக் கீழே 1000 லூமன் லைட், கட்டில் ஓரத்தில் கைரேகைப் பூட்டுப் பெட்டிக்குள். இங்கே படிப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

போன நவம்பர். மனைவியும் பையனும் ஆஸ்டினில் மச்சினி வீட்டுக்குப் போயிருந்தார்கள். ராத்திரி மூன்றரை மணிக்குக் கீழே பாத்திரம் உருளும் சத்தம். அம்மா மதுரையிலிருந்து வந்து அன்றைக்கு நாலாவது நாள். அந்த ஞாபகமே தூக்கக் கலக்கத்தில் எனக்கு வரவில்லை. பெட்டியைத் திறந்தேன், எடுத்தேன், படியில் பாதி இறங்கி, சமையலறைப் பக்கம் நீட்டிக் கட்டைவிரலால் சுவிட்சைத் தட்டினேன்.

வெளிச்ச வட்டத்துக்கு நட்டநடுவில் அம்மா. ஒரு கையில் டவரா, இன்னொரு கை கண்ணை மறைத்தபடி. "டார்ச்ச கீழ எறக்குப்பா, கண்ணு கூசுது. தூக்கமே வரல, அதான் காபி போடலாம்னு வந்தேன். ஒனக்கும் ஒரு வாய் போடவா?"

விரல் டிரிகருக்கு வெளியேதான் இருந்தது. சத்தியமாக. ஆனால் குழல் எங்கே பார்த்தது? விளக்கு பார்த்த இடத்தைத்தானே. அது துப்பாக்கி என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. வெளிச்சத்துக்குப் பின்னால் இருப்பது எதுவும் எதிரில் நிற்பவருக்குத் தெரியாது; இந்தச் சாமானைச் செய்வதே அதற்காகத்தான். மேலே போய்ப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அம்மா கொடுத்த காபி பாதி டவராவில்தான் இருந்தது, கை அப்படி ஆடியது.

உங்களுக்கு இப்படி ஏதாவது?

பிளானோ பாண்டியன்

அண்ணே, தப்பாக எடுத்துக்காதீங்க. விரல் வெளியே இருந்தது என்பது சின்ன விஷயம் இல்லை. நான் இருக்கும் இதே டெக்சாஸ் பிளானோவில் 2010-ல் நடந்தது தெரியுமா? போலீஸ்காரர் ஒருவர் லைட் சுவிட்சை அழுத்துவதாக நினைத்து டிரிகரை அழுத்தினார். எதிரில் நின்றவர் இறந்துபோனார். அந்தத் துப்பாக்கியில் சுவிட்ச் இருந்த இடம் டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குக் கீழே, பிடியின் முன்பக்கம். நடுவிரலால் அமுக்க வேண்டியது. பதற்றத்தில் ஒரு விரலை மட்டும் இறுக்கு என்றால் கை கேட்குமா? பக்கத்து விரலும் சேர்ந்துதான் இறுகும். பின்னால் மற்ற ஊர்களிலும் இதே மாதிரி நடந்ததாகச் செய்தி வந்தது. உங்களுடையது கட்டைவிரலால் தட்டுகிற ரகம் என்பதால் தப்பித்தீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

என் கதை சின்னது. 2019-ல் இருட்டில் சுடப் பழக்கும் வகுப்பு ஒன்றுக்குப் போனேன். என் பழைய லைட்டில் சுவிட்ச் இரண்டு பக்கவாட்டிலும் இருக்கும், உள்நோக்கி அழுத்த வேண்டும். எனக்குக் கட்டைவிரல் குட்டை. எட்டி அழுத்தும்போதெல்லாம் துப்பாக்கியே கையில் கொஞ்சம் திரும்பும். பயிற்சியாளர் "லைட்" என்று கத்தினார். நான் அவசரத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டேன் போல. ஸ்ட்ரோப், அதாவது விட்டு விட்டு மின்னுவது, ஓட ஆரம்பித்துவிட்டது. இருட்டு அறை, வெள்ளைச் சுவர், டிஸ்கோ மாதிரி வெட்டி வெட்டி வெளிச்சம். அதற்குள் காகித உருவம் ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் அடி நகர்வது போலத் தெரிந்தது. அது ஆணியடித்த அட்டை! அணைக்கவும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது வைத்திருப்பது பின்பக்கம் சுவிட்ச் உள்ளது. ஒரே தட்டு, ஒரே வெளிச்சம். ஸ்ட்ரோப்பை முடக்கிவிட்டேன்.

அரிசோனா வெயில்

நான் கஞ்சன், ஒப்புக்கொள்கிறேன். ஆன்லைனில் 28 டாலருக்கு ஒன்று வாங்கினேன். பெட்டியில் 2000 லூமன் என்று போட்டிருந்தது. வீட்டுக்குள் சூரியன் மாதிரிதான் எரிந்தது. சுடப் பழகும் ரேஞ்சில் முதல் குண்டு, லைட் மினுக் என்றது. இரண்டாவது குண்டு, அணைந்தது. மூன்றாவதுக்குத் திரும்ப எரிந்தது. நாலாவதுக்கு முன்மூடி கழன்று தரையில் உருண்டு பக்கத்து லேனுக்குப் போய்விட்டது. ரேஞ்ச் ஆபீசர் எல்லாரையும் சுடுவதை நிறுத்தச் சொல்லி, எனக்காக ஒரு லென்ஸைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

லக்ஸ் லட்சுமணன்

அரிசோனா சார், 28 டாலருக்கு 2000 லூமன் என்றதுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? மினுக் என்றதற்குக் காரணம் பேட்டரி. சுடும்போது துப்பாக்கியின் மேல்பாகம், அதுதான் ஸ்லைடு, பின்னால் போய் இடித்து முன்னால் வரும்போது உள்ளே பேட்டரியும் முன்னும் பின்னும் எகிறும். ஒழுங்காகச் செய்தவற்றில் அந்த எகிறலைத் தாங்குகிற அளவுக்கு ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும், தொடர்பு ஒரு கணம்கூட விடாது. உங்களுடையது கை டார்ச்சுக்கு அடியில் ஒரு கவ்வியை ஒட்டி விற்றது. பழைய இழை பல்பு காலத்தில் இந்த அதிர்வுக்கு இழையே அறுந்துபோகும். எல்.இ.டி. வந்த பிறகுதான் இந்தச் சாமான் உருப்பட்டது.

என் அனுபவம் என்று பார்த்தால், ஜார்ஜியாவில் வீட்டுக்குப் பின்னால் மரக்கூட்டம், அங்கே பனிமூட்டத்தில் கயோட்டி, ஓநாய் மாதிரி ஒரு மிருகம், நின்றது, லைட்டைப் போட்டேன், வெள்ளைத் திரை மாதிரிப் பனிதான் தெரிந்தது, கயோட்டி தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும். எல்லாரும் லூமனையே பிடித்துத் தொங்குகிறீர்கள். லூமன் என்பது மொத்தம் எவ்வளவு வெளிச்சம் கொட்டுகிறது என்பது. அதை எவ்வளவு குறுகலாகத் திரட்டி நடுவில் அடிக்கிறது என்பது கேண்டெலா. கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால், பெட்டியில் போட்டிருக்கும் மீட்டர் கணக்கு வந்துவிடும். அந்தத் தூரத்தில் விழுவது கால் லக்ஸ், ஏறக்குறைய பௌர்ணமி நிலா அளவு. ஸ்ட்ரீம்லைட் டி.எல்.ஆர்-7ஏ 500 லூமன், 5000 கேண்டெலா: 140 மீட்டர் சொச்சம். டி.எல்.ஆர்-1 எச்.எல். 1000 லூமன், 20,000 கேண்டெலா: 283 மீட்டர். லூமன் இரண்டு மடங்கு, கேண்டெலா நாலு மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. இதைவிட வேடிக்கை ஷ்யூர்ஃபயர் எக்ஸ்300. 1000 லூமன் அல்ட்ராவுக்கு 11,300 கேண்டெலா. 650 லூமன்தான் உள்ள டர்போவுக்கு 66,000. லூமன் குறைந்தது அரைக் கிலோமீட்டர் அடிக்கிறது, கூடினது இருநூறு மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடுகிறது. எல்லாம் லென்ஸின் வேலை.

அப்போது வீட்டுக்குள் எது நல்லது? நாலு சுவர் வெள்ளையடித்த கூடத்தில் குறுகலான கற்றை போய்ச் சுவரில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். இருட்டுக்குப் பழகின கண் அந்த நொடியே போச்சு, மறுபடி பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். வீட்டுக்குள் பரந்து விழுவதுதான் வேண்டும். கேட்டி நண்பரே, இன்னொன்று: 1000 லூமனை யார் மேலும் நீட்ட வேண்டியதே இல்லை. உங்கள் காலடித் தரையைப் பார்த்துப் போட்டாலே தெறிப்பில் அறை முழுக்க முகம் தெரியும். அப்புறம் பேட்டரி. சி.ஆர்.123 இரண்டு போடும் விளக்கில் பழசு ஒன்று, புதுசு ஒன்று என்று கலக்கவே கூடாது. பலவீனமானது சூடேறி வெடிக்கும். சுடப் போகும் முன் லென்ஸில் உதட்டுக்குப் பூசும் மெழுகைத் தடவிவிட்டுப் போங்கள், கரி அதன் மேல் படியும், துணியால் துடைத்தால் வந்துவிடும். மறந்துபோய்ப் படிந்துவிட்டால் பென்சில் ரப்பரால் தேய்க்கலாம். இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டால் சொல்கிறேன்.

எடிசன் ஏகாம்பரம்

யாரும் கேட்கவில்லையே லட்சுமணன்.

எனக்கு ஒரு சந்தேகம்தான். கேட்டி நண்பர் கையில் பத்து டாலர் டார்ச் இருந்திருந்தால் அம்மாவுக்கும் காபி, அவருக்கும் காபி, கதையே இல்லை. எங்கள் வீட்டில் மாடிப் பரணில் ராக்கூன் வந்தபோது நான் கொண்டுபோனது டார்ச்சும் துடைப்பமும்தான். அது என்னை முறைத்தது, நான் கதவைச் சாத்தினேன்.

அரிசோனா வெயில்

ஏகாம்பரம் சார், கை டார்ச் வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் சண்டை இல்லை. பிஸ்டல் லைட் தேடுவதற்கு இல்லை, கை டார்ச்தான் தேடுவதற்கு என்று எந்த வகுப்பிலும் முதல் பாடமாகச் சொல்வார்கள். மூன்றரை மணிக்குக் கைக்கு எது வருகிறது என்பதுதான் பிரச்சினை.

க்ளீவ்லேண்ட் நைட்ஷிஃப்ட்

நான் நர்ஸ். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து பார்க்கிங் வரை தனியாக நடப்பவள். துப்பாக்கியை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோக முடியாது, காரில் பூட்டி வைப்பேன். வண்டிக்கு வந்ததும் இடுப்பில் மாட்டிக்கொள்வது வழக்கம்.

அன்றைக்கு வழியில் பெட்ரோல் போட இறங்கினேன். வயிற்றோரம் சுருக்கென்று சூடு. தேள் கொட்டினால்கூட அப்படி இருக்காது. ஹோல்ஸ்டருக்குள், துப்பாக்கி உறைக்குள், லைட் எரிந்துகொண்டிருக்கிறது! மாட்டும்போது சுவிட்ச் உறையின் கெட்டிப் பிளாஸ்டிக் விளிம்பில் தட்டியிருக்கும். எவ்வளவு நேரம் எரிந்ததோ. சட்டையைத் தூக்கிப் பார்க்கவும் முடியாது, சுற்றி ஆள். திரும்பக் காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, குனிந்து பார்த்தால் ஹோல்ஸ்டர் வாய் வழியாக வெளிச்சம், உள்ளே குத்துவிளக்கு ஏற்றி வைத்த மாதிரி. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், மங்கலாக மினுங்கி நின்றுவிட்டது. பேட்டரி காலி. நிஜமாகவே தேவைப்படும் நேரமாக இருந்திருந்தால்?

அந்த ஹோல்ஸ்டர் "பல லைட்டுக்கும் பொருந்தும்" என்று விற்றது. இந்த மாதிரி ஹோல்ஸ்டர்கள் பெரும்பாலும் துப்பாக்கியைப் பிடிப்பதில்லை, லைட்டைத்தான் பிடிக்கின்றன. லைட் தடிமன், துப்பாக்கி ஒல்லி. அதனால் டிரிகர் பக்கத்தில் ஒரு சந்து விழும். நான் என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், டிரிகர் வரை போனது. அன்றே தூக்கிப் போட்டேன். காயம் ஆறிவிட்டது, தழும்பு ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கிறது. கணவர் கேட்டதற்கு இஸ்திரிப் பெட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கவுண்டர்_பின்னால்

வாரக்கடைசியில் ஒரு துப்பாக்கிக் கடையில் வேலை பார்க்கிறேன். பாண்டியன் சொன்ன சுவிட்ச் கதை சரிதான், ஆனால் நான் பார்த்த பயம் வேறு.

குழலுக்கு அடியில் இந்த விளக்கு உட்காரும் பள்ளம் வெட்டிய தண்டு, ரயில் என்பார்களே, அது எல்லாத் துப்பாக்கியிலும் ஒன்றாக இல்லை. 1993-ல் எச்.கே. யு.எஸ்.பி. பிஸ்டல் வந்தபோது அதற்கென்று தனிப் பள்ளம். கிளாக்குக்கு இன்னொரு மாதிரி, ஒரே ஒரு குறுக்குப் பள்ளம். 1995-ல் ராணுவத் தரமாக வந்த பிக்காடினி ரயிலில் பள்ளத்துக்கு வேறு அகலம். அதனால்தான் லைட் பெட்டியில் நாலைந்து குட்டிச் சாவித் துண்டுகள் கொடுக்கிறார்கள், உங்கள் பள்ளத்துக்கு ஏற்றதை மாற்றிப் போட. பாதிப் பேர் அதைக் குப்பை என்று நினைத்துப் பெட்டியோடு போட்டுவிடுவார்கள்.

அப்படி ஒருவர் வந்தார், ஐம்பது வயது இருக்கும். லைட் ஆடுகிறது என்றார். "காலித் துப்பாக்கிதான்" என்று சொல்லிக்கொண்டே கவுண்டரில் வைத்து, இடது கையைக் குழல் வாய்க்கு நேர் எதிரே கொண்டுபோய் லைட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "சார், ஒரு நிமிஷம்" என்று வாங்கி, தோட்டா அடுக்கும் மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்தேன். கண்ணாடி மேல் டிங் என்று ஒரு தோட்டா விழுந்தது. அது உருண்டு உருண்டு ஓரம் வரை போகும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தன் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். கடையை விட்டுப் போகும் வரை அந்தக் கையை வெளியே எடுக்கவே இல்லை.

பேட்டரி மாற்றவும் இதே கதைதான். டி.எல்.ஆர்-1-க்குப் பின்பக்க மூடி, கழற்றினால்தான் மாற்ற முடியும், தொல்லை என்பார்கள். டி.எல்.ஆர்-7-ல் முன்மூடியைத் திருகினால் போதும், கழற்றவே வேண்டாம், வசதி என்பார்கள். அந்த வசதியில் கை போகும் இடத்தைப் பாருங்கள். எனக்குத் தொல்லையே தேவலாம்.

இன்னொன்று, லைட் மாட்டினால் துப்பாக்கியின் குணமே மாறலாம். மூன்றாம் தலைமுறை கிளாக் 22-ல் லைட் போட்ட போலீஸ் இலாகாக்களில் தோட்டா சரியாக ஏறாமல் தகராறு வந்தது. துப்பாக்கியின் பிளாஸ்டிக் உடல் சுடும்போது வளைந்து கொடுக்கும், அடியில் கட்டியாக ஒன்றைத் தொங்கவிட்டால் வளைவது குறையும், ஸ்லைடின் வேகம் மாறும், மேகசின் ஸ்பிரிங் அதற்கு ஈடுகொடுக்காது. இறுக்கமான ஸ்பிரிங் போட்டுத்தான் சரிசெய்தார்கள். லைட்டை மாட்டி நூறு இருநூறு குண்டாவது சுட்டுப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

லக்ஸ் லட்சுமணன்

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

கேட்டிவாசி

எல்லாருக்கும் நன்றி, ஏகாம்பரம் சாருக்கும். பெட்டியை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன், அதற்கு முன்னால் ஒரு கை டார்ச். எழுந்து நின்று எட்டி எடுப்பதற்குள் மூளை விழித்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. லட்சுமணன் சொன்ன தரை வெளிச்சத்தையும் நேற்று காலித் துப்பாக்கியில் பார்த்தேன். நிஜம்தான், படியில் நின்று கீழ்ப்படியில் அடித்தாலே சமையலறையில் குழம்புச் சட்டி வரை தெரிகிறது.

அம்மா போன மாதம் ஊருக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது சொன்னார்கள்: "இங்க ராத்திரியில கரண்டு போய்ப் போய் வருதுப்பா. அன்னைக்கு ஒரு டார்ச் அடிச்சியே, என்னா வெளிச்சம்! வரும்போது அதே மாதிரி ஒண்ணு எனக்கு வாங்கிட்டு வா."

சரிம்மா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.