குடி பிடித்தவனை முதலில் எங்கே கூட்டிப் போவது: ஜெபத்துக்கா, வார்டுக்கா?

திருமங்கலத்துக்காரி:
என் தம்பிக்குக் குடிப்பழக்கம். காலையில் எழுந்ததும் கை நடுங்கும், கொஞ்சம் ஊற்றினால்தான் நிற்கும். "இது குடியின் ஆவி, மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குக் கூட்டி வாருங்கள், விடுதலை உண்டு" என்கிறார் பாஸ்டர். தம்பி மனைவியோ பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நானும் விசுவாசிதான். என்ன செய்ய?

வைகைக்கரை:
அக்கா, உபவாச ஜெபம்தான். நம் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் இல்லை என்று எபேசியர் 6:12 சொல்கிறது. நானே அந்தப் பிடியில் கிடந்தவன். மறுவாழ்வு மையம் ஒன்றிலிருந்து வெளியே வந்த கையோடு டாஸ்மாக்கில் போய் நின்றேன். ஜெபத்தில்தான் அது என்னை விட்டது. மாத்திரை ஈரலைப் பார்க்கும், சரி. பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தை எடுத்துக் குடிக்க வைப்பது எது என்று எந்த ஸ்கேன் காட்டும்?

பசுமலை:
நான் நர்ஸ், சபைப் பாடகர் குழுவிலும் இருக்கிறேன். அக்கா, காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர் திடீரென்று குடியை நிறுத்தினால் முதலில் வியர்வையும் நடுக்கமும் அதிகமாகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், இல்லாத ஆள் கூப்பிடுவது கேட்கும், பக்கத்தில் இருப்பவர்களையே அடிக்கப் பாய்வார்கள். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பது இதுதான். உயிரே போகலாம். மூன்று நாள் உபவாசக் கூட்டத்தில் இது நடந்தால் என்ன ஆகும்? "ஆவி வெளிப்படுகிறது" என்று இன்னும் சத்தமாகத் துரத்துவார்கள். குடிப்பவர்களுக்குத் தயமின் என்ற வைட்டமின் ஏற்கெனவே குறைந்திருக்கும், அதோடு பட்டினியும் சேர்ந்தால் மூளையைத்தான் தாக்கும்.

வைகைக்கரை:
பயமுறுத்தாதீர்கள் சிஸ்டர். மாற்கு 9-இல் நுரை தள்ளிப் பல்லைக் கடித்த பையனைப் பார்த்து இயேசு அசுத்த ஆவியைத்தான் அதட்டினார். மருத்துவப் பெயர் சூட்டிவிட்டால் ஆவி இல்லை என்றாகிவிடுமா?

பசுமலை:
ஆவியே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போனபோது பவுல் எதையும் துரத்தவில்லை, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். (குடியைப் பற்றிப் பேசும் இடத்தில் இந்த வசனத்தை எடுப்பது வம்புதான், தெரியும்.) நீங்கள் காட்டிய அதே எபேசியர் 6-இல் சர்வாயுதவர்க்கத்தை, அதாவது தேவன் தரும் போர்க்கவசத்தை, அணியச் சொன்னது சபைக்கு. நடுங்குகிறவனைச் சுற்றி நின்று கத்துவதற்கு அல்ல. அதில் முதலில் வருவது சத்தியம் என்ற கச்சை. ஒளித்து வைத்த பாட்டில், வெளியே சொல்லாத கடன், மனைவி வாங்கிய அடி, இதையெல்லாம் வீட்டில் வாய்விட்டுப் பேசுங்கள். போர் அங்கேதான் தொடங்குகிறது.

கீழவெளி வீதி:
கத்தோலிக்கன் நடுவில் வரலாமா? எங்களில் ஒரு குரு பேயோட்டுவதற்கு ஆயரின் தனி அனுமதி வேண்டும், திருச்சபைச் சட்டம் 1172. நோயா என்று மருத்துவர்களிடம் முதலில் காட்டிவிடுவார்கள்.

வைகைக்கரை:
அனுமதிக் கடிதம் வரும்வரை பிசாசு வெளியே பெஞ்சில் காத்திருக்குமா அண்ணே?

கீழவெளி வீதி:
கடிதம் பிசாசுக்காக இல்லை தம்பி, நம் ஆட்களின் அவசரத்துக்காக. ஏர்வாடி ஞாபகம் இருக்கிறதா, ராமநாதபுரம் பக்கம், பேய் பிடித்தது என்று மனநோயாளிகளைக் கூட்டிப் போகும் தர்கா ஊர்? 2001 ஆகஸ்ட் 6, ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை, 28 பேர் செத்தார்கள். தர்கா ஊர்தானே என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பிற்பாடு அதே ஊரில் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள்.

வைகைக்கரை:
எங்கள் சபையில் யாரையும் கட்டிப்போட்டதில்லை. அதோடு எங்களைச் சேர்ப்பது அநியாயம். நீங்கள் இருவரும் மத்தேயு 12-ஐப் படியுங்கள். அசுத்த ஆவி விட்டுப்போன வீடு பெருக்கி, ஜோடித்து, வெறுமையாய்க் கிடந்தால் அது இன்னும் ஏழு ஆவிகளோடு திரும்பி வரும். ஆஸ்பத்திரி பெருக்கிக் கொடுக்கும். அப்புறம் அந்த வீட்டில் குடியிருப்பது யார்?

பசுமலை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. வார்டில் நாங்கள் தோற்பது அங்கேதான், வீட்டுக்குப் போன பிறகு. அந்த வேலைக்குத்தான் சபை வேண்டும் என்கிறேன். சாயங்காலம் வேலை விட்டு வரும் தம்பியை டாஸ்மாக் பக்கம் போகாமல் வேறு தெரு வழியாகக் கூட்டி வர உங்கள் சபையில் யார் இருக்கிறார்கள்?

வைகைக்கரை:
ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் மருந்து முதலில், தேவன் பிறகு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பசுமலை:
ஆம்புலன்ஸில் ஜெபிக்கக் கூடாது என்று யார் சொன்னது?

திருமங்கலத்துக்காரி:
திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போகிறோம். பாஸ்டர் வார்டுக்கு வந்து ஜெபிக்கட்டும், நானே அவரிடம் பேசுகிறேன்.

வைகைக்கரை:
என் கருத்து மாறவில்லை அக்கா. ஆனால் அவருக்குப் பதிலாக உபவாசத்தை நாங்கள் இருந்துகொள்கிறோம். எந்த வார்டு என்று மட்டும் சொல்லுங்கள்.

பசுமலை:
அக்கா, திங்கள்வரை பாட்டிலைப் பிடுங்கி நீங்களாக நிறுத்த வேண்டாம், சாப்பாடு கொடுங்கள். வலிப்போ குழப்பமோ தெரிந்தால் திங்கள்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.