கல்லூரி ஃபுட்பால்: இந்தச் சலுகையை வாங்கலாமா?

வணக்கம். அமெரிக்காவில் பிள்ளைகளை அமெரிக்கன் ஃபுட்பாலில் விட்டிருக்கும் பெற்றோர் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

நாங்கள் இருப்பது டல்லாஸ் பக்கம். மகன் பதினொன்றாம் வகுப்பு, பள்ளி அணியில் கிக்கர் (பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவன்). போன வாரம் ஒரு கல்லூரியின் பழைய மாணவர், அணிக்கு நன்கொடை கொடுப்பவராம், வீட்டுக்கே வந்துவிட்டார். கல்லூரியைப் பார்க்கக் குடும்பத்தோடு வாருங்கள், விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் என் பொறுப்பு, தம்பி ஓட்ட ஒரு காரும் இருக்கிறது என்றார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

கல்லூரியே முறையாக அழைத்தால் செலவை அது ஏற்கலாம், இப்படி வெளியாள் கொடுத்தால் விதிமீறல் என்பது வரை தெரியும். இதே ஊரில் எஸ்எம்யூ (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்), வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த விவகாரத்தில் சிக்கி, அதன் 1987 சீசன் முழுவதையும், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு ரத்து செய்ததே. மச்சானோ, 2021-லிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கிறார்கள், 2025-லிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம், நீங்கள் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்கிறார். ஆனால் விளம்பரத்துக்குக் கூலி வாங்குவதும், எங்களிடம் வந்து சேர் என்று காரைக் கொடுப்பதும் ஒன்றா?

கல்லூரியில் விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு நேரே மெயில் போடலாமா, முதலில் பள்ளி கோச்சிடம் சொல்லணுமா? சொன்னால் பையனுக்குக் கல்லூரி அணியில் சேர வரவிருக்கும் ஆஃபர் போய்விடுமோ? அப்புறம், அவர் வைத்துவிட்டுப் போன ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பணுமா? பையன் அதைப் போட்டு செல்ஃபி எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவாராம், அதற்குள் சொல்லுங்கள்.